சாக்பீஸ் வட்டங்கள்

அந்த நாற்காலியில் உட்கார வேண்டாம். கைப்பிடியில் இன்னும் கொஞ்சம் கிரீஸ் இருக்கிறது. மண்ணெண்ணெய், சோப்புத்தூள், சாம்பல் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டேன். மரத்துக்குள் இறங்கிவிட்டது. இதில் உட்காருங்கள், இது சுத்தம்.

நீங்கள் வாகன ஆய்வாளர் என்று சொன்னதும் முதலில் உங்கள் நகத்தைத்தான் பார்த்தேன். ஒட்ட வெட்டியிருக்கிறீர்கள். வண்டியோடு பழகுகிறவர்களிடம் இதை நான் பார்த்ததில்லை. அதனால்தான் போலீசாரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது. குரலை மட்டும் கொஞ்சம் தணித்துக்கொள்வோம். தம்பி அடுத்த அறையில்தான் படுத்திருக்கிறான்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. தம்பியின் போனில் இருக்கும் படத்தில், வண்டியின் அடிப்பக்கத்தில், பிரேக் குழாயைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டம் இருக்கிறது. பக்கத்தில் முப்பத்தொன்று என்று எண். இப்போது நொறுங்கிக் கிடக்கும் வண்டியில் அதே துருப்பிடித்த குழாய் அப்படியே இருக்கிறது, வட்டத்தை மட்டும் காணோம். மற்ற குழாயெல்லாம் புதிது. வட்டத்தை யார் துடைத்தது என்று கேட்டீர்கள். ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொன்னால் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். வண்டி வந்த நாளிலிருந்து சொல்கிறேன்.

அதை ஒரு லாரியின் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இரண்டே கதவுள்ள, தரையோடு தரையாகப் பதுங்கிய வண்டி. ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடியதாம், சிவப்பு நிறமாம். எனக்குத் தெரிந்தது துரு மட்டும்தான். புண்ணின் பொருக்கு போல அடுக்கடுக்காக உரிந்துகொண்டிருந்தது. இறக்கும்போது முன்பக்கத்திலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு கழன்று வாசலில் விழுந்தது. நான் கழுவிவிட்ட வாசல்.

எதிர்வீட்டு டிரைவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், பல் விளக்கிக்கொண்டே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஏம்ப்பா, இத எடைக்குப் போட்டாக்கூட பேரீச்சம்பழம் தர மாட்டானே."

"ஒரு வருஷம் கழிச்சு வந்து பாருங்க சார். நீங்களே ஒரு ரவுண்டு கேப்பீங்க," என்றான் தம்பி.

"ரவுண்டெல்லாம் வேணாம்ப்பா. இத தொட்டுட்டேன், இப்ப ஊசி போட்டுக்கத்தான் ஓடணும்."

தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாயாலேயே உறுமினான். இருபத்தொன்பது வயது. எடை நூறைத் தொட்டுக்கொண்டிருந்தது. உதட்டிலிருந்து எச்சில் தெறித்து மீட்டர் கண்ணாடியில் புள்ளி புள்ளியாக விழுந்தது. நான் துணி எடுத்து வந்து துடைத்தேன்.

அந்த வண்டிக்குள் என்னவெல்லாம் இருந்தது என்று உங்கள் அறிக்கையில் வராது. இடது சீட்டைக் கிழித்தால் உள்ளே எலிக்கூடு. ரோமமே முளைக்காத ஏழு குஞ்சுகள், காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. இடுக்கியால் எடுத்தேன், ஒன்றை இழுத்தால் எல்லாம் கோத்துக்கொண்டு வந்தன. சாம்பல் கிண்ணத்தில் யாரோ வெட்டிப்போட்ட நகங்கள். டாஷ்போர்டுக்கு அடியில் மென்று ஒட்டிய பபுள்கம், அதில் கட்டைவிரல் ரேகை. ஸ்டெப்னி வைக்கும் குழியில் கறுப்புத் தண்ணீர், அதில் கொசுப்புழுக்கள் நெளிந்தன. அந்தத் தண்ணீரில் ஒரு சீப்பு மிதந்தது, பல்லுக்குப் பல் நரைமுடி. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தம்பி அதே கையோடு, நகக்கண்ணில் கறுப்போடு, சப்புக்கொட்டிச் சாப்பிட்டான்.

"கைய கழுவிட்டு வாடா."

"கழுவினேன்க்கா. இது போகாது. இது பாசம்."

அவன் அப்படித்தான். அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது, எனக்குப் பதினாலு. அப்பா என்று ஒருவர் அதற்கும் முன்பே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நான் கடைசியாகப் போன நாளில் அவன் என் சீருடை பாவாடையில் மூக்கைத் துடைத்தான். மறுநாள் துவைத்துக் காயப்போட்டேன். அதன்பிறகு அதை உடுத்தவே இல்லை, தரை துடைக்க எடுத்துக்கொண்டேன். நல்ல துணி, எட்டு வருடம் உழைத்தது. அவன் மூக்கு, அவன் வாந்தி, அவன் படுக்கையை நனைத்த இரவுகளின் விடியல், அவன் முதல்முதலாகக் குடித்துவிட்டு வந்து குளியலறையில் செய்துவைத்தது, எல்லாவற்றையும் நான்தான் துடைத்தேன். எனக்கு அருவருப்பு அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். அருவருப்பு இருக்கிறவர்கள்தான் துடைப்பார்கள். இல்லாதவர்கள் அப்படியே விட்டுவிடுவார்கள்.

சரி, வட்டத்துக்கு வருகிறேன்.

இன்ஜினைக் கழற்றி இறக்கிய மறுநாள், தம்பியின் நண்பர்கள் நாலு பேர் வந்து வெறும் கூட்டைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார்கள். அவன் ஒரு டப்பா சாக்பீஸோடு சுற்றிச் சுற்றி வந்தான். எங்கெல்லாம் துரு தின்றிருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு வட்டம், ஒரு எண். மொத்தம் ஐம்பத்தெட்டு. படமும் எடுத்துக்கொண்டான். பிறகு எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. வட்டம் போடுவது அவன், வேலை முடிந்ததும் அழிப்பது நான். வட்டம் இருந்தால் வேலை பாக்கி. இல்லையென்றால் முடிந்தது. அவன் திரும்பப் பார்க்க மாட்டான்.

"நீ அழிச்சா அழிச்சதுதான்க்கா. பேங்க் சீல் மாதிரி," என்பான்.

இன்ஜின் வேலை அவனுடையது. வண்டியைக் குட்டை ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு, அடியில் நுழைய அவன் உடம்புக்கு வழியில்லை. நான் ஒல்லி. ஒரு கோணியை விரித்து, முகத்தில் துணி கட்டி, ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு மல்லாந்து நுழைவேன். கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது, அரித்த தகட்டை வெட்டுவது, புதுத் தகடு வைப்பது, உப்புத்தாள் போடுவது, பிரைமர் அடிப்பது, எல்லாம் கற்றுக்கொண்டேன். வெல்டிங்குக்கு மட்டும் அவன் ஒரு ஆளைக் கூட்டி வருவான். துருத்தூள் கண்ணுக்குள், காதுக்குள், பல்லிடுக்கில் எல்லாம் போகும். மூக்கைச் சிந்தினால் செங்கல் நிறத்தில் வரும். எச்சிலில் ரத்தம் போல ஒரு ருசி. குளித்துவிட்டு வந்து தலை துவட்டினால் துண்டெல்லாம் காவி.

"டாக்டரம்மா, ஆபரேஷன் எப்படிப் போவுது? பேஷன்ட் பொழைப்பாரா?" என்பான் வெளியிலிருந்து. கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்திருப்பான். அவனுக்குத் தெரிவது என் பாதம் மட்டும்தான், எனக்குத் தெரிவது அவன் பாதம். பாதத்தைப் பார்த்தே மணிக்கணக்காகப் பேசுவான். ஸ்பானரைக் கேட்டால் நீட்டுவான். சின்ன வயதில் நான் துணி துவைக்கும்போது இப்படித்தான் வாளி பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான். பதினோரு மாதம் அப்படிப் போயிற்று. சந்தோஷமாக இருந்தேனா என்று கேட்காதீர்கள். வேலை சுத்தமாக நடந்தது, அவ்வளவுதான். நாற்பது வட்டம் அழித்திருந்தேன்.

அப்புறம் அந்தப் பெண் வந்தாள். பெயின்ட் கடையில் நிறம் கலந்து கொடுக்கிறவள். பழைய சிவப்பு ஒரு துணுக்கு எங்கோ மிஞ்சியிருந்தது, அதைப் பார்த்து நிறம் பொருத்த வந்தாள். ஒரு தடவை வந்தால் போதும். பதினைந்து தடவை வந்தாள்.

அவளைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நல்ல பெண். வந்ததும் "அக்கா, சாப்டீங்களா?" என்பாள். என் கையை ஒருநாள் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயோ அக்கா, தோலெல்லாம் உரிஞ்சிருக்கே. தின்னர்ல கை வைக்காதீங்க. நான் கிரீம் எடுத்துட்டு வரேன்."

மறுநாள் கொண்டுவந்தாள். மூடியைத் திறந்தேன், அவள் ஏற்கெனவே விரல் விட்டு எடுத்த பள்ளம் இருந்தது. குப்பையில் போட்டேன்.

அவளுக்கு முடி கொட்டும். நான் புதிதாகத் தைத்த இடது சீட்டில் நீள நீளமாகக் கிடக்கும். எலிக்கூட்டை எடுத்துப்போட்டு, ஸ்பிரிங்கைத் தேய்த்து, பஞ்சு வைத்து, இருபத்திரண்டு நாள் உட்கார்ந்து தைத்த சீட். ஒவ்வொரு முடியாகப் பொறுக்குவேன். ஒருநாள் அவள் குடித்துவிட்டு வைத்த டீ கிளாஸில், அவள் உதட்டுச்சாயம் பட்ட இடத்தில், தம்பி வாய் வைத்துக் குடித்தான். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கிளாஸை மாற்றிக் குடித்துவிட்டான் போல என்று நினைத்தேன். மாற்றிக் குடிக்கவில்லை, திருப்பி வைத்துக் குடித்தான்.

நான் சொல்ல வந்தது வேறு. அன்று வண்டிக்கு அடியில் இருந்தேன். இரண்டு ஜோடிப் பாதங்கள் எதிரெதிரே வந்து நின்றன. நான் தலையை லேசாக வெளியே நீட்டினேன். தம்பியின் கன்னத்தில் ஒரு கிரீஸ் கோடு. அவள் கட்டைவிரலை நாக்கில் வைத்து நனைத்து, அந்த எச்சிலால் அவன் கன்னத்தைத் துடைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். இருபத்தைந்து வருடம் நான் அவனைத் துடைத்திருக்கிறேன். ஒரு தடவைகூட எச்சில் வைத்ததில்லை. துவைத்துக் காயவைத்த துணி, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர்.

அந்த வாரம்தான் விஷயத்தைச் சொன்னான். வேறு ஊரில் ஒரு பெரிய ஒர்க்ஷாப்பில் வேலை. இந்த வண்டியை முடித்து, அதிலேயே அவனும் அவளும் போய்விடுவது. வாளியின்மேல் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னான், என் பாதத்தைப் பார்த்து.

"என்னக்கா, சத்தத்தையே காணோம்?"

"பிரஷ் போட்டுட்டு இருக்கேன்."

"நீ எனக்காக எவ்ளோ பண்ணிட்டே. இனிமே யாரு அழுக்கையும் நீ தொடைக்க வேணாம். நிம்மதியா இரு."

"ம்."

"நீ ஃப்ரீக்கா."

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் இருந்தது முப்பத்தொன்றாம் வட்டத்துக்கு நேர் கீழே. பழைய காலத்து வண்டி, ஒரே குழாயிலிருந்துதான் நாலு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் பிரிந்து போகும். மற்ற குழாய்களை நானே மாற்றியிருந்தேன். இந்த ஒன்றுக்குப் புதுத்துண்டு, செம்பு நிறத்தில், பளபளவென்று, என் வலதுகைப் பக்கம் கோணியின்மேல் கிடந்தது. பழையதை நகத்தால் சுரண்டினேன். கையுறைக்குள்ளேயே தெரிந்தது, ஒரு காகிதத்தின் தடிமன்கூட இல்லை. வழக்கமான பிரேக்குக்குத் தாங்கும். ஓங்கி மிதித்தால் தாங்காது.

நினைத்துப் பார்த்தேன். துரு என்பது வண்டியின் நிஜம். மேலே சிவப்பு பூசி, மெழுகு தேய்த்து, எலிக்கூடு இருந்த இடத்தில் ஒரு பெண்ணை உட்கார வைத்து, இது புதுசு என்று சொல்வது பொய். அந்தப் பொய் முழுவதும் என் கையால் ஆனது. அதில் ஓர் இடம் உண்மையாக இருக்கட்டும் என்று விட்டேன். இது எனக்கு இப்போதும் நியாயமாகத்தான் படுகிறது.

துணியை எடுத்தேன். காய்ந்திருந்தது. தண்ணீர்க் குவளை எட்டவில்லை. கையுறையைக் கழற்றி, கட்டைவிரலை நாக்கில் வைத்து நனைத்து, வட்டத்தைத் துடைத்தேன். நாக்கில் சுண்ணாம்பும் துருவும் ஒட்டிக்கொண்டன. இரண்டு நாள் வாய் கொப்பளித்தேன்.

தம்பி குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தான். வெள்ளை எங்கேயும் தெரியவில்லை. "டாக்டரம்மா, கை குடுங்க," என்று என் அழுக்குக் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

புறப்பட்டது ஒரு காலை, பத்து மணி இருக்கும். வண்டி அழகாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. எதிர்வீட்டு டிரைவர் வந்து மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "அடேங்கப்பா. ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போப்பா," என்றார். "கேப்பீங்கன்னு சொன்னேன்ல? திரும்பி வரும்போது சார்," என்றான் தம்பி.

நான் ஜன்னலில் குனிந்து, "பெல்ட் போட்டுக்கோடா," என்றேன்.

"போட்டாச்சு தாயே."

அவளிடம் சொல்லவில்லை. அவளாகவே போட்டுக்கொண்டாள். கவனமான பெண். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அங்க வீடு பாத்ததும் உங்களைத்தான் மொதல்ல கூப்பிடுவேன். வரணும்," என்றாள். அழுதாள்கூட. கண்ணீர் என் மணிக்கட்டில் பட்டது. அவர்கள் தெருமுனை போவதற்குள் கழுவிவிட்டேன்.

எங்கள் தெரு சரிவு என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கீழே இறங்கினால் வளைவு, வளைவில் கருங்கல் சுவர். புது வண்டி, புது இன்ஜின், பக்கத்தில் அவள். வேகமாகத்தான் இறங்குவான், கடைசி நிமிடத்தில்தான் ஓங்கி மிதிப்பான். சைக்கிள் ஓட்டிய காலத்திலிருந்தே அப்படித்தான். சத்தம் கேட்டபோது நான் இன்னும் கையைத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் அங்கேயே போய்விட்டாள். தம்பிக்குக் கழுத்தெலும்பு முறிந்துவிட்டது. கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது, இனி அசையாது என்று சொல்லிவிட்டார்கள். பேச்சு இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் முதலில் அவளைக் கேட்டான். சொன்னேன். பிறகு இரண்டாவது கேள்வி கேட்டான்.

"அக்கா, முப்பத்தொண்ணு மாத்தினேல்ல?"

"மாத்தினேன்டா."

"அப்ப என் இன்ஜின் வேலைலதான் தப்பு," என்றான். அதன்பிறகு அழுதான். நான் துடைத்தேன்.

வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகுதான் பேச்சை நிறுத்திவிட்டான். மாத்திரை காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவன் அறையில் கட்டிலுக்கு நேர் எதிரே ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. வெயில் முகத்தில் அடிக்கக்கூடாது என்று அவன் வருவதற்கு முன்பே ஒரு திரை தைத்து மாட்டிவைத்தேன். கம்பிக்கு எங்கே போவது? அந்தப் புதுக் குழாய் ஷெட்டில் சும்மாதான் கிடந்தது. செம்பு நிறம், துருவே பிடிக்காத ஜாதி. அளவெடுத்தது மாதிரி பொருந்திவிட்டது. முதல் நாள் அதைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். இப்போது நாளெல்லாம் அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்குப் பிடித்திருக்கிறது போல. போகும்போது நீங்களும் பாருங்கள். வேண்டுமானால் கழற்றி எடுத்துக்கொள்ளலாம், வேறு கம்பி போட்டுக்கொள்கிறேன்.

எழுந்துவிட்டீர்களே. இன்னொன்று இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ஒன்றைப் பாதி துடைத்துவிட்டுப் போவது எனக்குப் பழக்கமில்லை. அந்தப் படத்தை மறுபடி எடுங்கள். முப்பத்தொன்றுக்குப் பக்கத்தில், ஓரத்தில், இன்னொரு வட்டத்தின் பாதி தெரிகிறதா? முப்பத்திரண்டு. இடது சீட்டின் பெல்ட் தரையில் மாட்டும் இடம். தகடு பிஸ்கட் மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தது. மோதிய வேகத்தில் பெல்ட் தரையோடு பிய்ந்து வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். வேகத்தில் இல்லை. அதையும் நான்தான் துடைத்தேன், அதே விரலால். தம்பி உட்காரும் வலது சீட்டுக்குக் கீழே முப்பத்தெட்டு. அதற்கு மட்டும் தகட்டின்மேல் தகடாக இரண்டு வைக்கச் சொன்னேன். பெல்ட்டைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை.

எங்கே வரச் சொன்னாலும் வருகிறேன். ஆனால் இப்போது மணி பதினொன்று ஆகிறது, அவனுக்கு உடம்பு துடைக்கும் நேரம். நான் போய்விட்டால் யார் செய்வார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வேறு யாருக்கும் அவன் உடம்பு தெரியாது. துவைத்த துணி, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர். கன்னத்தில் துணி படும்போதெல்லாம் அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பப் பார்க்கிறான், வாந்தி வருகிறவன் மாதிரி. தண்ணீர் ரொம்ப ஆறிவிடுகிறது என்று நினைக்கிறேன், இன்றைக்குக் கொஞ்சம் சூடாகவே எடுத்துப் போகிறேன்.